காற்று தின்ற பேச்சு

எங்கள் தெருவில் பேச்சு உடைய ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், குணசீலன் அண்ணாச்சியின் பிளாஸ்டிக் குடக் கம்பெனியில், அதுவும் எங்க அப்பா கதை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில். அதனால் இந்த விஷயத்தில் ஊர் யாரைத் திட்டினாலும் அந்தத் திட்டு சுற்றி வந்து எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும். நிற்கட்டும்.

என் பெயர் முப்பிடாதி. பதினொண்ணாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். விட்டதற்கு வீட்டுக் கஷ்டம் என்று எழுதினால் படிப்பவர்களுக்கு நெஞ்சு இளகும், ஆனால் உண்மை என்னவென்றால் எனக்குப் போரடித்தது. கெமிஸ்ட்ரி மிஸ் பாலிமர் பாடம் ஆரம்பித்து, சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகிவிடும், அதுதான் பிளாஸ்டிக் என்று சொல்லி, போர்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கண்ணி கண்ணியாக வரைந்துகொண்டே போனார். குறுக்கே பேசுவது என் பிறவிக் குணம். பேசினேன். வெளியே போ என்றார். போனவள் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆகவே சங்கிலி எப்படிச் சேரும் என்பது எனக்குத் தெரியும். எப்படி அறும் என்பது அடுத்த நாள் பாடம்.

அப்பாவுக்கு அந்தக் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர் வேலை, பெயர் மாசானம், ஆனால் தொழில் என்று யாராவது கேட்டால் பேச்சு என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பிட்டாச்சா என்று கேட்டவனிடம், அந்த அரிசி வந்த கடை, அந்தக் கடைக்காரனின் மச்சான், அந்த மச்சான் கப்பலுக்குப் போய் ஒரு வாரத்தில் திரும்பி வந்த வரலாறு எல்லாம் சொல்லி, கேட்டவன் பஸ்ஸை விட்டு, அடுத்த பஸ்ஸையும் விட்டு, கடைசியில் அவனும் பசித்துப்போய் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவான். பள்ளிக்கூடத்தை விட்ட என்னை அவரே கூட்டிக்கொண்டு போய் அவர் மெஷினுக்கே உதவியாகச் சேர்த்துவிட்டார். பாடத்துக்குப் பயந்து ஓடி வந்தவள் பிரசங்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

மெஷின் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. மேலே ஹாப்பர் என்கிற புனல் தொட்டியில் பிளாஸ்டிக் குருணையைக் கொட்டினால், அது சூடான பேரலுக்குள் இறங்கி, உருகி, கீழே குழாயாகத் தொங்கும், அச்சு வந்து கவ்வும், உள்ளே காற்றடித்தால் குடத்துக்கு வயிறு வரும். குடத்துக்கு உருவம் கொடுப்பது காற்றுதான். அதே காற்று, பேரல் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஹாப்பர் காலியாகி, அந்த வழியாக உள்ளே இறங்கினால், உருகிக் கிடப்பதை எல்லாம் தின்று தீர்த்துவிடும். ஆகவே ஹாப்பர் காலியாகக் கூடாது, இது முதல் சட்டம். இரண்டாவது சட்டம் மருந்து. மருந்து என்பது வெள்ளைப் பொடி, குருணையில் கைப்பிடி கலந்தால் சூட்டில் பிளாஸ்டிக் கெடாது. புதுக் குருணைக்கு நாங்கள் போடுவோம். உடைந்த பழைய குடத்தை அரைத்துத் திரும்ப உருக்கும்போது போட மாட்டோம், ஏனென்றால் அது குடமான முதல் தடவையிலேயே மருந்து சாப்பிட்டுவிட்டது, பிள்ளைக்கு ஒரு தடவை ஊசி போட்டால் ஆயிற்று என்பது அண்ணாச்சியின் கணக்கு. எங்கள் எல்லோருடைய கணக்கும் அதுதான். நல்ல கணக்காகத்தான் தெரிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பேரலில் இருந்தது பூரா பழைய மால், அதாவது உடைந்த குடத்தை அரைத்த சரக்கு, பல தடவை அரைபட்டு, பல தடவை உருகி, எத்தனை வீட்டுத் தண்ணீரைச் சுமந்ததோ அது. அப்பா கொழும்புக்கு ஆடு வாங்கப் போன ஒரு ஆளின் கதையைச் சொன்னார். குருணை கலக்கிற ஆவுடை அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அண்ணாச்சி ஆபீஸ் ரூமிலிருந்து திட்டுவதற்காக எழுந்து வந்து, வந்த இடத்தில் நின்று கேட்டார். ஹாப்பரைப் பார்க்க வேண்டிய நான் கதையெல்லாம் கேட்கிற ஆள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், அன்றைக்கு வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். ஹாப்பர் காலி. பேரலுக்குள் காற்று இறங்கி, தங்கியிருந்த மால் மஞ்சளாகி, பழுப்பாகி, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தது போல ஒரு வாடையோடு புகை வந்தது. அந்தப் புகை நேராக அப்பா முகத்துக்குப் போனது. "அந்த ஆளு கொழும்புலருந்து வரும்போது கையில ஒரு" என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பாவின் வாக்கியம் அந்த இடத்தில் டொக்கென்று முறிந்து, மீதி தரையில் விழுந்து சிதறியது.

எல்லோரும் குனிந்து பார்த்தோம். துண்டுகள் லேசாக மஞ்சளாக இருந்தன. ஆவுடை அக்கா விளக்குமாற்றால் கூட்டி அள்ளி, ஸ்கிராப் சாக்கில் போட்டாள். எங்கள் கம்பெனியில் எதுவும் வீணாகாது.

சுவர் விசிறி புகையை வெளியே தள்ளியது, தெரு அதை வாங்கிக்கொண்டது, சாயங்காலத்துக்குள் எங்கள் பக்கத்தில் இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேச ஆளில்லை. யார் நீளமாக ஆரம்பித்தாலும் நடுவில் காற்று வந்து கடிக்கும், ஒரு சொல் கடிபட்டதும் அடுத்ததும் அதற்கடுத்ததும் உதிரும். இதற்காக யாரும் பதறவில்லை. கரண்டு போனால் பதறுகிறோமா, அது மாதிரிதான். குழாயடியில் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சண்டை போடும் இரண்டு பெண்கள் "நீ", "நீதான்" என்று முடித்துக்கொண்டு, இத்தனை சீக்கிரம் முடிந்துவிட்டதே என்ற வருத்தத்தில் ஒருத்தி வீட்டு இட்லி மாவை இன்னொருத்தி வாங்கிக்கொண்டு போனாள். சர்ச்சில் போதகர் ஏறி நின்று "பாவம், வேண்டாம், ஆமென்" என்று இறங்கியதும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கூடியது. ஓட்டுக் கேட்டு வந்தவர் மைக்கைப் பிடித்து "போடுங்க" என்றார், இவர் நேர்மையானவர் என்று ஊர் சொன்னது. பெண் பார்க்க வந்த வீட்டில் "பொண்ணு?" "பிடிக்கல." "சரி." காபி ஆறுவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

எனக்குச் சொர்க்கம். என் வாயில் வருவதே ஒரு சொல் இரண்டு சொல்தான், உடைய என்னிடம் என்ன இருந்தது? ஞாயிறுதோறும் வந்து படிப்பின் அருமையை உச்சிவெயில் சாயும்வரை சொல்லுகிற மாமா இந்தத் தடவை வந்து "படி" என்றார். "மாட்டேன்" என்றேன். கிளம்பிப் போய்விட்டார். உலகம் கடைசியில் என் வேகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை நினைப்பதற்கு எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை, அந்த அளவுக்கு வேகம்.

பிறகு குடங்கள் திரும்பி வந்தன. அந்த மாலில் செய்த குடம் இடுப்பில் வைத்தாலே கழுத்துவரை விரிசல் ஓடி உடைந்தது. குடத்துக்குப் பின்னால் மனிதர்கள். டீக்கடை மாஸ்டர் சிரித்ததில் வாயோரம் கீறல் விட்டது. பிளாஸ்டிக்கை மடக்கினால் மடிப்பு வெளுக்குமே, அதுபோல உட்கார்ந்து எழுந்தவர்களின் முழங்கால் வெளுத்தது. ஊர் இதையும் பழகிக்கொண்டது. சிரிப்பு வந்தால் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்காமல் தூரத்திலிருந்து தலையாட்டினார்கள், பஸ்ஸில் நெரிசல் குறைந்தது. நீளமாகப் பேசிய ஆளுக்குத்தான் அதிகச் சேதம். ஒருநாள் அப்பா வேலை முடிந்து வந்து சட்டைப்பையிலிருந்து அவருடைய சுண்டுவிரலை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"இடிச்சுட்டு," என்றார்.

அம்மா பெயர் சொர்ணம், எதற்கும் சட்டென்று அழுகிற ஆள் இல்லை. அழாமல் பசை வாங்கி வந்து ஒட்டினாள். அதற்கப்புறம் வீட்டுக் கதவுநிலைகளில் எல்லாம் தலையணையைக் கட்டினாள், அப்பா குனியக் கூடாது, ஓடக் கூடாது, பூனையைத் தூக்கக் கூடாது என்றாள். ஆனால் அப்பாவின் முழங்கையில் தலைமுடி போல ஒரு விரிசல் விழுந்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். மறுநாள் அது கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. விரிசல் கழுத்துக்குப் போனால் குடத்துக்கு என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித் தர மிஸ் தேவையில்லை.

குடம் திரும்பி வருகிற அவமானத்தில் அண்ணாச்சி மருந்து விற்கிற ஏஜென்டை வரச் சொன்னார். சந்தானம் என்று பெயர், மதுரையிலிருந்து பைக்கில் வந்தார், எங்கள் காற்று இன்னும் அவர் மேல் படவில்லை. முழு வாக்கியம் கேட்டு நாளானதால், அவர் வழி கேட்டபோதே ஆவுடை அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பழைய மாலுக்கு மருந்து போடுவதுண்டா என்று அவர் கேட்க, "போன தடவையே. போட்டாச்சு," என்றார் அண்ணாச்சி.

ஏஜென்ட் சிரித்தார். "போன தடவை போட்டது போன தடவையே செத்துப்போச்சுண்ணே. சூட்டுல காத்து வந்து சங்கிலியில ஒரு கண்ணியைக் கடிக்கும், கடிபட்ட கண்ணி சும்மா இருக்காது, பக்கத்துக் கண்ணியைக் கடிக்கும், அப்படியே ஊர்வம்பு மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும். மருந்து என்ன பண்ணும்னா, முன்னால போய் நின்னு, அதைக் கடிக்காத, என்னைக் கடின்னு தன்னைக் குடுக்கும். கடிச்சா தீந்துபோச்சு. அடுத்த சூட்டுக்கு அடுத்த ஆள் வேணும்ல? அதனால இந்த மாலுக்கு எவ்வளவு கலக்கணும்னா"

அவ்வளவுதான். டொக். கீழே விழுந்ததைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "கொஞ்சம்," என்றார், பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்சம் கலந்தோம், குடம் சரியாகிவிட்டது. மனிதர்கள் சரியாகவில்லை. ஆவுடை அக்காவின் கொழுந்தன் மட்டும் யாருக்கும் தெரியாமல் அந்தப் பொடியை மோரில் கலக்கிக் குடித்துப் பார்த்தான். அவனுக்கு நீண்டது வாக்கியம் அல்ல, கக்கூஸில் இருந்த நேரம்.

எனக்கு இதெல்லாம் யோசித்துக் கண்டுபிடிக்கிற மூளை கிடையாது. எனக்கு நடந்தது தற்செயல். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டில் அப்பா பழக்க தோஷத்தில் எதையோ ஆரம்பித்தார், சொற்கள் நடுங்கின, காற்று வருவது தெரிந்தது, எனக்கோ பசி, என் பிறவிக் குணப்படி குறுக்கே விழுந்து "சீக்கிரம்" என்றேன். காற்று அப்பாவை விட்டுவிட்டு என் சீக்கிரத்தைக் கடித்தது. அப்பாவின் வாக்கியம் பாலத்தில் போகிற மாட்டுவண்டி மாதிரி மெதுவாக, முழுசாக, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அவருடைய முழங்கையில் விரிசல் ஒரு நகத்தளவு மூடியது. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். நான் இன்னொரு தடவை அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். வாயில் இல்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுவது போல அந்த ஓட்டையைத் தடவிக்கொண்டே சாப்பிட்டேன். எழுதும்போது வருகிறது, எழுதுகிற மையில் காற்று நுழையாது போல. சொல்லத்தான் வரவில்லை.

என்னிடம் இருந்ததிலேயே நான் அதிகம் பயன்படுத்திய சொல்தான் முதலில் போனது, பரவாயில்லை என்று அடுத்ததற்குத் தயாரானேன். பள்ளிக்கூடச் சொற்களை முதலில் எடுத்துக் கொடுத்தேன். வினையூக்கி, இருபடிச் சமன்பாடு, மௌரியப் பேரரசு, தற்குறிப்பேற்ற அணி, இந்தா கடி, இந்தா கடி. படித்த படிப்பு இப்படியாவது உதவியதே என்று மாமாவிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் நான் ஊர்ப் பொதுச்சொத்தானேன். எங்கே கல்யாணப் பேச்சு, எங்கே பங்காளி வழக்கு, எங்கே கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கூட்டம் என்றாலும், "முப்பியக் கூப்பிடு" என்பார்கள், எனக்கு நடுவில் ஒரு நாற்காலி போடுவார்கள், ஒரு கலர் சோடா உடைத்துக் கொடுப்பார்கள். அவர்கள் பேசுவார்கள், நான் குறுக்கே விழுவேன். என்னை அதற்காகத் திட்டிய அதே வாய்கள் இப்போது, பிள்ளை சரியான இடத்தில் விழுகிறாள் என்று மெச்சின. குழாயடிப் பெண்கள் இரண்டு பேரும் விட்ட சண்டையைத் திரும்ப எடுக்க என்னை உட்கார வைத்து, வயிறார ஏசிக்கொண்டார்கள். ஊர் முகத்தில் கீறல்கள் மூடின. கடித்த காற்றும் ஒவ்வொரு கடிக்கும் கொஞ்சம் செத்தது, தெருவில் மெழுகு வாடை குறைந்தது.

பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. பள்ளிக்கூடச் சொற்கள் தீர்ந்த பிறகுதான் சுரீர் என்றது. வசவுகளைக் கொடுக்க வேண்டி வந்தது. எத்தனை அருமையான வசவுகள், ஒவ்வொன்றும் நானே பாடுபட்டுச் சேர்த்தது, ஒரு கடியில் போயிற்று. அப்புறம் சினேகிதிகள் பெயர், பலகாரங்களின் பெயர், வேண்டாம் என்ற சொல். வேண்டாம் போன பிறகு யார் கூப்பிட்டாலும் போகத்தானே வேண்டியிருந்தது.

ஒருநாள் தெருவில் வாடை சுத்தமாக நின்றுவிட்டது. ஊர் பழையபடி பேச ஆரம்பித்தது, பேச்சில் என்னை மறந்தது, மறந்தது மட்டுமல்ல, மாசானம் மகள் இப்போது எவ்வளவு அடக்கமாகிவிட்டாள், எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை, பக்குவம் வந்துவிட்டது என்று இரண்டு மூன்று இடத்திலிருந்து பெண் கேட்டும் வந்தார்கள். எதிர்த்துச் சொல்ல என்னிடம் வார்த்தையே இல்லை என்பதைச் சொல்லவும் வார்த்தை இல்லை.

ஆனால் எங்கள் வீட்டுக்குள் காற்று மிச்சமிருந்தது. முதல் புகையை முகத்தில் வாங்கியவர் அப்பா, அது அவர் மூச்சிலேயே குடியிருந்தது. அவர் முழுசாகப் பேசினால் விரிசல் மூடும், பேச்சு உடைந்தாலும் பேசாமலே இருந்தாலும் ஏறும். ஊருக்கெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் என் பையில் சில்லறை. விரிசல் முழங்கையிலிருந்து தோளுக்குப் போய், காலர் எலும்பில் நின்றது.

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அப்பா ஆரம்பித்தார், நான் "தண்ணி" என்று குறுக்கே விட்டேன், அவர் தாண்டினார். கொஞ்சம் கழித்து "வலிக்கி" என்று விட்டேன், தாண்டினார். அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"போதும்ட்டி," என்றாள். "நாளைக்கு ஒனக்கு வயித்தவலின்னாக்கூட எப்படிச் சொல்லுவ?" பிறகு அப்பா பக்கம் திரும்பி, அவருக்கு இதுவரை யாரும் சொல்லாததைச் சொன்னாள். "நீரு பேசுற ஒவ்வொரு பேச்சுக்கும் இவளுக்கு ஒண்ணு போவுது வே. திரும்ப வராது."

நான் குறுக்கே விழுந்தால் பேச்சு தாண்டும் என்று ஊரைப்போல அப்பாவுக்கும் தெரியும், அதற்கு விலை உண்டு என்று தெரியாது, என் வழக்கமான திமிர்தான் இப்போது உதவுகிறது என்று நினைப்பு. அதில் தப்பில்லை, இத்தனை வருஷம் அப்படித்தானே இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். வாயில் இருந்த சோற்றை விழுங்கினார். வாயை மூடிக்கொண்டார்.

மூடியவர் திறக்கவில்லை. எனக்காக என்று புரிகிறது, புரிந்து என்ன, விரிசல் காலர் எலும்பைத் தாண்டி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கழுத்துப் பக்கம் முடிபோல நகர்ந்தது. லேசாகக் கிரீச்சென்று சத்தம்கூடக் கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. என் கோபத்துக்கு ஏற்ற சொற்கள் எல்லாம் குழாயடியிலும் கல்யாண வீட்டிலும் செலவாகிவிட்டன. தேடிப் பார்த்தேன், இரண்டுதான் கிடந்தன. ஒன்றை எப்போதும் தொடக் கூடாது என்று அடியில் வைத்திருந்தேன். இரண்டையும் எடுத்தேன்.

"அப்பா, பேசு."

காற்று வந்து இரண்டையும் கடித்துக்கொண்டு போனது. போனது போயிற்று, போட்ட மருந்தை வீணாக்குகிற ஆள் அப்பா இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். அவர் பிறந்த வருஷத்து மழை, அந்த மழையில் உடைந்த குளம், அந்தக் குளத்தங்கரையில் எங்க அம்மாவை முதலில் பார்த்தபோது அவள் இடுப்பில் இருந்த குடம், அது பித்தளையா சில்வரா என்பதில் அவருக்கும் அம்மாவுக்கும் உள்ள தகராறு, என்று நான் கொடுத்த இரண்டு சொல்லும் தாங்குகிற தூரம்வரை ஒரே மூச்சில் போய், மூச்சு முட்டி நின்றார். அந்த இடத்தில் காற்று மறுபடியும் வந்தது. கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. பயத்தில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன், அப்போது மூக்கு வழியாக என்னையறியாமல் ஒரு சத்தம் வந்தது.

"ம்."

காற்று என் முகத்தைச் சுற்றி வந்தது. இது திறந்த வாயில் வருகிற சொல் இல்லை, பூட்டிய வாய்க்குள்ளேயே பிறந்து உள்ளேயே இருப்பது. காற்று நுழைய வழி தேடியது. நான் திறக்கவில்லை. கடிக்க எதுவும் அகப்படாமல், அப்பாவையும் மறந்து, போய் அடுப்பங்கரை ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சில்வர்தான்," என்றாள் அம்மா.

இல்லை, பித்தளை, வெயில் பட்டு எனக்குக் கண் கூசியது என்று அப்பா அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினார். விரிசல் கழுத்தடியில் நின்றது. அவர் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"ம்," என்றேன்.